மலையேற்றத்துக்கு எந்தப் பாத்திரம்? அலுமினியம், எவர்சில்வர், டைட்டானியம், இரும்பு, குக்கர்: ஓர் ஒப்பீடு

கூடாரமும் முதுகுப்பையும் வாங்கி முடித்தவர்கள் கடைசியில் தயங்கி நிற்பது பாத்திரத்தில்தான். ஏறத்தாழ ஒரே கொள்ளளவுள்ள பானை அலுமினியத்தில் சில நூறு ரூபாய்க்கும் டைட்டானியத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கும் விற்கிறது. இடையில் ஹார்ட் அனோடைஸ்டு என்றும் நான்-ஸ்டிக் என்றும் மடக்கு வகை என்றும் கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இவை எதுவும் வேண்டாம், பரணில் கிடக்கும் தூக்குவாளியே போதும் என்று சொல்லும் நண்பர் ஒருவரும் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்.

மலையேற்றப் பாத்திரங்களைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி, தண்ணீரைக் கொதிக்கவைத்து உலர் உணவுப் பொட்டலத்தில் ஊற்றிச் சாப்பிடுகிறவர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. அவர்களுக்குப் பானையின் வேலை வெந்நீர் போடுவதோடு முடிந்துவிடுகிறது. நாமோ உப்புமா கிளறுகிறோம், அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைக்கிறோம், ரசத்துக்குப் புளி கரைத்து ஊற்றுகிறோம். ஆகவே எந்த உலோகம் என்று கேட்பதற்கு முன்னால் எந்தச் சமையல் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அப்படிக் கேட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோர், தாங்கள் வாங்க நினைத்ததைவிட மலிவான பாத்திரத்தோடு கடையை விட்டு வெளியே வருவார்கள்.

## முதலில், பாத்திரம் தேவைப்படும் பயணம்தானா?

தமிழ்நாட்டு மலைப் பாதைகளில் பெரும்பாலானவற்றுக்கு அடுப்பும் வேண்டாம், பானையும் வேண்டாம். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றிருந்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்தை முறைப்படுத்தும் தனி விதிகள் அதே ஆண்டில் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளை இணையப் பதிவின் மூலம் திறந்துவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை வழிகாட்டியோடு ஒரே நாளில் ஏறி இறங்குபவை. வெள்ளியங்கிரிக்கும் பர்வதமலைக்கும் போகிறவர்களுக்கும் கட்டுச்சோறும் தண்ணீரும் போதும். இமயமலையில் நிறுவனங்கள் நடத்தும் குழுப் பயணங்களிலோ சமையல்காரரும் பாத்திரமும் அவர்களுடையவை. தட்டு, டம்ளர், கரண்டி மட்டும் கையில் இருந்தால் வேலை முடிந்தது.

எஞ்சுபவை நான்கு வகை. தனியார் தோட்டங்களிலும் அனுமதி பெற்ற முகாம் இடங்களிலும் இரவு தங்குவது. காரிலோ பைக்கிலோ பல நாள் சுற்றுவது. இமயமலைப் பகுதியில் எல்லாவற்றையும் தாமே சுமந்து நடப்பது. வெளிநாடுகளில், அடுப்பு பயன்படுத்த அனுமதியுள்ள முகாம்களில் தங்குவது. கீழே வரும் ஒப்பீடு இந்த நான்குக்குமானது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், மேலே சொன்னபடி, சமையல். தண்ணீர் கொதிப்பதற்கு எந்த உலோகமும் போதும், ஏனெனில் பானையின் எந்த மூலையில் சூடு விழுந்தாலும் தண்ணீர் சுழன்று அதைப் பகிர்ந்துகொள்ளும். கெட்டியான உணவு அப்படிச் சுழலாது. அங்கே சூட்டைப் பரப்பும் பொறுப்பு முழுவதும் பாத்திரத்தின் அடிப்பகுதியுடையது. அலுமினியம் எவர்சில்வரைவிடவும் டைட்டானியத்தைவிடவும் பத்து மடங்குக்கு மேல் நன்றாகச் சூட்டைக் கடத்துகிறது. இந்த ஒப்பீட்டில் வரும் மற்ற எண்களையெல்லாம் மறந்துவிட்டாலும் இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

இரண்டாவது, சுடர். சிறு கேஸ் குப்பியின் தலையில் திருகும் பர்னர், நான்கைந்து சென்டிமீட்டர் வட்டத்தில் சூட்டைக் குவித்து அடிக்கும். விறகுத் தீ பானையை அடியிலும் பக்கத்திலும் தழுவிச் சூடாக்கும், கூடவே கரியையும் பூசும். முன்னதற்குப் பொருத்தமான பாத்திரம் பின்னதற்குப் பொருந்தாமல் போகலாம்.

மூன்றாவது, தூரம். பாத்திரத்தைச் சுமப்பது உங்கள் தோளா, வண்டியின் டிக்கியா என்பதைப் பொறுத்து, எடை என்ற அளவுகோலே முதலிடத்துக்கும் வரும், முற்றிலும் மறைந்தும் போகும்.

நான்காவது, ஆட்கள். இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் அரிசி என்று கொண்டால், இரண்டரை மடங்கு தண்ணீரும் பொங்கி எழும் நுரைக்கு இடமும் சேர்த்து ஒன்றரை லிட்டர் பானை வேண்டும். கடையில் 'இருவருக்கு' என்று எழுதி வைத்திருக்கும் 900 மில்லிலிட்டர் பானை இரண்டு பேருக்குத் தேநீர் போடத்தான் ஆகும்.

ஐந்தாவது, உயரம். ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் அது 93 டிகிரியை ஒட்டியும், 3,500 மீட்டரிலுள்ள லடாக்கின் லே நகரில் 88 டிகிரியை ஒட்டியும் நிற்கும். கொடைக்கானலில் சோறு சற்றுத் தாமதமாக வேகும், அவ்வளவுதான். லேயில் திறந்த பானையில் துவரம்பருப்பு குழையும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர் கேஸைத் தீர்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

ஆறாவதை யாரும் கடையில் நின்று யோசிப்பதில்லை: கழுவுவது. ஊற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் சுமந்து வந்து, சோப்பு நீர் ஓடையில் கலக்காதபடி தள்ளிப்போய், குளிரில் விறைத்த விரல்களால் அடிப்பிடித்த பானையைச் சுரண்டும்போதுதான் அதன் அருமை தெரியும்.

விலையை நான் கடைசியில் வைக்கிறேன், ஏனெனில் பாத்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் விலை முழு விலை ஆகாது. எரிபொருளைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க, காற்றுத் தொந்தரவு இல்லாத இடத்தில், 12 முதல் 15 கிராம் கேஸ் செலவாகும். அதன்பின் சிறு தீயில் வேகவைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு கிராம். 230 கிராம் குப்பி ஒன்று வெந்நீர் போடுகிறவருக்கு 15 லிட்டருக்கு மேல் வரும். காலையும் மாலையும் சோறு பொங்குகிற இருவருக்கு மூன்று நாளில் தீர்ந்துவிடும். விமானத்தில் கேஸ் குப்பியைக் கைப்பையிலும் அனுமதிப்பதில்லை, பெட்டியிலும் அனுமதிப்பதில்லை. போய் இறங்கும் ஊரில் சொன்ன விலைக்கு வாங்க வேண்டும். சூட்டை வீணாக்கும் பாத்திரம் ஒவ்வொரு பயணத்திலும் இப்படி வாடகை வசூலிக்கும்.

## அலுமினியம்: சாதாவும் ஹார்ட் அனோடைஸ்டும்

சாதா அலுமினியப் பாத்திரம் எந்த ஊர்ப் பாத்திரக்கடையிலும் கிடைக்கும். எடை குறைவு, சூடு சீராகப் பரவும், நசுங்கினால் கையாலேயே ஓரளவு நிமிர்த்திவிடலாம். பாத்திரக்கடையில் எடைபோட்டு விற்பதால், லேசான பாத்திரத்துக்கு விலையும் குறைவு. மலையேற்றச் சாமான் கடையிலோ கிராம் குறையக் குறைய விலை ஏறும்.

இதன் பலவீனம் புளி. புளியும் தக்காளியும் உப்பும் சேர்ந்த குழம்பை வெற்று அலுமினியத்தில் நெடுநேரம் கொதிக்கவிட்டால் உலோகம் சிறிது கரைந்து உணவில் சேரும். உணவிலும் ருசியிலும் உலோக வாடை தெரியும், பாத்திரத்தின் உட்புறம் வெளுத்துச் சொரசொரப்பாகும். உடல்நலத்தைப் பற்றிய அச்சத்தை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் வல்லுநர் குழு, ஒருவர் வாரத்துக்கு உட்கொள்ளத்தக்க அலுமினியத்தின் வரம்பாக, உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று 2011-இல் நிர்ணயித்தது. ஆண்டில் சில வேளை பொங்கித் தின்பது ஒருவரை இந்த வரம்புக்குத் தள்ளிவிடாது. தினசரிச் சமையலுக்கும் அதே பாத்திரத்தை வைத்துக்கொள்ள நினைப்பவர் மட்டும் யோசிக்க வேண்டும்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. பழைய இரும்பு, ஈயம், பித்தளை எல்லாம் கலந்த கழிவை உருக்கி வார்த்த, பெயரில்லாத பாத்திரங்களில் காரீயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. 2025-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, ஹிண்டாலிய (அலுமினியக் கலப்பு உலோக) பாத்திரங்களைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது இந்தக் காரணத்துக்காகவே. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத வார்ப்புப் பாத்திரத்தை மலிவு என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம்.

ஹார்ட் அனோடைஸ்டு என்பது அதே அலுமினியத்தின் மேற்பரப்பை மின்வேதி முறையில் கெட்டியான ஆக்சைடு படலமாக மாற்றியது. அந்தச் சாம்பல் நிறப் படலம் புளிக்குக் கரையாது, கீறலுக்கு எளிதில் இடங்கொடுக்காது. அலுமினியத்தின் சூடு கடத்தும் குணமும் அப்படியே இருக்கும். நம் சமையலுக்கு, சிறு பர்னரின் மேல், இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் காணவில்லை. ஒரே பெயரில் இரண்டு பொருள் விற்கிறார்கள் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். வீட்டு அடுப்புக்கான ஹார்ட் அனோடைஸ்டு பாத்திரங்கள் பல 3 மில்லிமீட்டருக்கும் அதிகத் தடிமன் உள்ளவை. ஒன்றரை லிட்டர் பானையே அரைக் கிலோவைத் தாண்டும். மலையேற்றத்துக்கென்று செய்தவை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அதே கொள்ளளவு 160 கிராமை ஒட்டி முடிந்துவிடும்.

இதன் எதிரிகள் இரண்டு: காரமான சோப்புத்தூள், விறகுத் தீ. சோப்புத்தூளிலுள்ள காரம் படலத்தை அரிக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும்; நன்றாகக் கனிந்த தணல் அதைத் தாண்டிவிடும். தண்ணீர் இருக்கும்வரை பானைக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் வற்றிய பிறகு தணலில் மறந்துவிட்டால் அடி தொய்ந்துவிடும்.

## எவர்சில்வர், குறிப்பாகத் தூக்குவாளி

எவர்சில்வரைக் குறைசொல்பவர்கள் எடையைச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய குறை, அது சூட்டைப் பரப்பாதது. அரை மில்லிமீட்டர் தகட்டில் அடித்த எவர்சில்வர் பானையில் சிறு பர்னரின் மேல் ரவை உப்புமா கிளறிப் பார்த்தால் விஷயம் கண்ணுக்குத் தெரியும். பர்னரின் தலை எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு நடுவில் ஒரு பழுப்பு வட்டம் பிடித்திருக்கும். அதற்கு இரண்டு விரல் தள்ளி, ஓரத்தில், ரவை இன்னும் வெள்ளையாக நறநறவென்று கிடக்கும். அடியில் அலுமினியத் தட்டு பதித்த வகை இந்தக் குறையைத் தீர்க்கும், ஆனால் எடையைக் கூட்டிவிடும்.

விறகடுப்பில் கதை மாறுகிறது. தீ அடியிலும் பக்கங்களிலும் பரவலாக அடிப்பதால் சூடு ஓரிடத்தில் குவிவதில்லை. எவ்வளவு தணலிலும் எவர்சில்வர் உருகாது. மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாலும் பூச்சு போய்விடுமோ என்ற கவலை இல்லை. புளி, எலுமிச்சை, தயிர் எதற்கும் அசையாது. தீ மூட்ட அனுமதியுள்ள முகாமில் விறகில் சமைப்பவருக்கு எவர்சில்வர்தான் என் தேர்வு.

அந்தப் பிரிவில் தூக்குவாளியைத் தனியாகப் பாராட்ட வேண்டும். வெளிநாட்டுக் கடைகளில் வளைபிடி வைத்த முகாம் பானை என்று தனியாக விற்பதை நாம் பாலுக்கும் சாம்பாருக்கும் வைத்துக்கொண்டிருக்கிறோம். வளைபிடியைக் கம்பில் கோத்துத் தீயின் மேல் தொங்கவிடலாம். மூடி தட்டாகும். சமைத்ததை இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றாமல் அப்படியே தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஆனால் வாங்கும்போதோ பரணிலிருந்து இறக்கும்போதோ பிடியின் காதுகளைப் பார்க்க வேண்டும். வெறும் புள்ளிப் பற்றவைப்பில் நிற்கும் காது, ஒன்றரை லிட்டர் கொதிக்கும் குழம்போடு ஒருநாள் விடுபடும். ரிவெட் அடித்த காதே பாதுகாப்பு. பிளாஸ்டிக் குமிழ் இருந்தால் முதல் தீயிலேயே உருகிவிடும். தூக்கு மூடி காற்றுப் புகாதபடி இறுக்கமாகப் பொருந்துவது, ஆகவே அடுப்பில் இருக்கும்போது அழுத்தி மூடக் கூடாது. நீராவி அதைத் தூக்கி எறியும். உயரமாகவும் ஒடுங்கியும் இருப்பதால் சிறு பர்னரின் மேல் இதை வைப்பது தள்ளாட்டத்துக்கு அழைப்பு விடுப்பது போன்றது.

கரியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தீயில் ஏற்றுமுன் வெளிப்புறம் முழுவதும் சாம்பலைக் குழைத்தோ சோப்பையோ பூசிவிட்டால், பிறகு கழுவும்போது கரி தானாக வழிந்து வரும். பைக்குள் வைக்க ஒரு துணிப்பை மட்டும் தேவை. உப்பைக் குளிர்ந்த நீரில் போட்டு அடியில் தங்கவிட்டால் எவர்சில்வரிலும் சிறு குழிகள் விழும்; தண்ணீர் கொதித்த பின் உப்புப் போடுவது நல்லது.

## டைட்டானியம்

எடைக்கு இதுதான் அரசன் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். எவ்வளவு மிச்சம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 சென்டிமீட்டர் விட்டமும் 9 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பானை ஒன்று ஒன்றரை லிட்டர் பிடிக்கும். மூடியையும் பிடியையும் விட்டுவிட்டால் அதன் தகட்டுப் பரப்பு ஏறத்தாழ 600 சதுர சென்டிமீட்டர். அரை மில்லிமீட்டர் எவர்சில்வரில் அது 240 கிராம், ஒரு மில்லிமீட்டர் அலுமினியத்தில் 160 கிராம், 0.4 மில்லிமீட்டர் டைட்டானியத்தில் 110 கிராம். எவர்சில்வரை விட்டு அலுமினியத்துக்கு வந்தால் 80 கிராம் மிச்சம், கூடுதல் செலவும் பெரிதாக இல்லை. அலுமினியத்தை விட்டு டைட்டானியத்துக்குப் போனால் மிச்சமாகும் 50 கிராமுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

விலைக்குக் காரணம் தாது அரிதாக இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட் கிடைக்கிறது. தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுப்பதும், அதைத் தகடாக்கி வளைப்பதும்தான் செலவு.

சமையலில் டைட்டானியம் எவர்சில்வரின் குறையை இன்னும் கூர்மையாக்குகிறது, ஏனெனில் தகடு மேலும் மெல்லியது. வெந்நீர், தேநீர், கஞ்சித் தண்ணீர், பாக்கெட் சூப் என்றால் அற்புதம். நூடுல்ஸ், சேமியா வரை சமாளிக்கலாம். சோறு பொங்கினால் நடுவில் தீய்ந்துவிடும், ஓரத்தில் வேகாமல் நிற்கும். இதற்கு ஒரு வழி உண்டு: அரை மணி நேரம் ஊறிய அரிசியைக் கொதிவந்து சில நிமிடத்தில் இறக்கி, துண்டில் பொதிந்து தம்மில் விட்டுவிடுவது. வழி சரியானதுதான், ஆனால் குளிரில் நடுங்கியபடி, சோறு வெந்ததா என்று துண்டைப் பிரித்துப் பார்த்து மூடும் பொறுமை எல்லாருக்கும் வராது. அடிப்பிடித்ததைச் சுரண்டவும், தீயாமல் கிளறவும் செலவாகும் தண்ணீரையும் கேஸையும் சேர்த்தால், மிச்சம் பிடித்த 50 கிராம் முதல் நாளிலேயே கரைந்துவிடும்.

டைட்டானியம் வெல்லும் இடம் தெளிவானது: தனியாளாக, பல நாள், உயரமான பகுதியில், அவலும் சத்துமாவும் உலர் உணவும் வைத்துச் சமாளிப்பவர். அவருக்குச் சமையல் என்பதே வெந்நீர். ஒவ்வொரு கிராமையும் ஏற்கெனவே எண்ணிக் கழித்தவர், மீதமிருக்கும் 50 கிராமைக் காசு கொடுத்துக் கழிப்பதில் நியாயம் இருக்கிறது. கூடாரம் மூன்று கிலோ எடையுள்ளவர் பானையில் 50 கிராம் குறைக்கக் காசு செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

## வார்ப்பிரும்பு

மேலே சொன்ன அதே பானையை 4 மில்லிமீட்டர் வார்ப்பிரும்பில் செய்தால் 1,700 கிராமைத் தாண்டும். நடந்து போகிறவர் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். காரில் போகிறவருக்கு மட்டும் சொல்கிறேன்: தணலின் மேல் ஓர் இரும்புச் சட்டியில் வறுத்த மீனுக்கும், தோசைக்கல்லில் வார்த்த தோசைக்கும் மேலே பார்த்த எந்தப் பாத்திரமும் ஈடாகாது. ஏறிய சூட்டை இரும்பு எளிதில் விடாது என்பதால் தணல் ஏறி இறங்கினாலும் சட்டி கண்டுகொள்ளாது. மறைமுகச் செலவு பராமரிப்பு. கழுவியவுடன் தீயில் காட்டி ஈரத்தைப் போக்கி, எண்ணெய் தடவி வைக்க வேண்டும். பனியில் ஓர் இரவு வெளியே கிடந்தால் காலையில் துரு. புளிக்குழம்பை அதில் வைத்தால் பழக்கிய பதம் போய்விடும்.

## குக்கர்

மலையேற்றச் சாமான் பட்டியல்களில் குக்கர் இடம்பெறுவதில்லை. லடாக் பக்கம் தாமே சமைத்துச் சுற்றுகிறவர்களின் வண்டிகளில் தவறாமல் இருக்கும். காரணம் எளிது. கடல்மட்டத்தில் குக்கருக்குள் தண்ணீர் 120 டிகிரியில் கொதிக்கிறது. 3,500 மீட்டரில், வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்திருந்தும், உள்ளே 115 டிகிரியை ஒட்டி இருக்கும். திறந்த பானையில் அதே இடத்தில் 88 டிகிரி. இந்த இடைவெளியை வேறெந்த உலோகமும், எவ்வளவு விலை கொடுத்தாலும், நிரப்பாது.

இரண்டு லிட்டர் குக்கர் ஒரு கிலோவைத் தாண்டும் என்பதால், தனியாளாக நடப்பவர் அதைச் சுமக்க வேண்டியதில்லை. துவரம்பருப்பை விட்டுப் பாசிப்பருப்புக்கு மாறினால் போதும். நான்கைந்து பேர் சுமையைப் பங்கிட்டு நடக்கும்போதோ, வண்டியில் போகும்போதோ, மிச்சமாகும் கேஸே குக்கரின் எடையை ஈடுகட்டிவிடும். ஆனால் குப்பியின் தலையில் திருகும் பர்னரில் குக்கரை ஏற்றக் கூடாது. எடை மேலே, அடி குறுகலாகக் கீழே. சாய்ந்தால் கொதிநீர் மடியில். அகலமான அடியிலிருந்து சூடு கீழே திரும்பிக் குப்பியைச் சுடவைக்கும் ஆபத்தும் உண்டு. குப்பியைத் தள்ளி வைத்துக் குழாயால் இணைக்கும், தரையோடு ஒட்டிய பர்னர்தான் குக்கருக்கும் பெரிய பானைக்கும் உரியது. கேஸ்கெட், சேஃப்டி வால்வு இரண்டையும் வீட்டிலேயே சோதித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். மலையில் மாற்று கிடைக்காது.

## நான்-ஸ்டிக்கும் மடக்குப் பாத்திரமும்

நான்-ஸ்டிக் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். வெற்றுச் சட்டியைச் சிறு பர்னரில் ஓரிரு நிமிடம் விட்டாலே அந்தச் சூடு வந்துவிடும், மெல்லிய தகட்டில் இன்னும் சீக்கிரம். எவர்சில்வர் கரண்டியும் மணலும் அதற்கு ஆகாது. முட்டையும் அடையும் போடுவதற்காகச் சிறிய தோசைக்கல் ஒன்று நான்-ஸ்டிக்கில் வைத்துக்கொள்ளலாம், பானைக்கு வேண்டாம். சிலிகோன் பக்கங்கள் மடங்கும் பானை இடத்தை மிச்சப்படுத்தும். சுடர் அடியைத் தாண்டிப் பக்கத்தில் ஏறினால் சுருண்டுவிடும் என்பதால் விறகுத் தீக்கு அறவே கூடாது.

## ஒரு பார்வையில்

| பாத்திரம் | ஒன்றரை லிட்டர் பானையின் எடை, மூடி இல்லாமல் | சூடு பரவுதல் | புளி, தக்காளி | விறகுத் தீ | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| சாதா அலுமினியம் | ஏறத்தாழ 160 கிராம் | மிக நன்று | ஒத்துவராது | கவனம் தேவை | நசுங்கும், ருசி மாறும் |
| ஹார்ட் அனோடைஸ்டு | ஏறத்தாழ 160 கிராம் | மிக நன்று | ஒத்துவரும் | கவனம் தேவை | காரச் சோப்பு ஆகாது |
| எவர்சில்வர் | ஏறத்தாழ 240 கிராம் | மோசம் | ஒத்துவரும் | மிக நன்று | சிறு பர்னரில் அடிப்பிடிக்கும் |
| டைட்டானியம் | ஏறத்தாழ 110 கிராம் | மோசம் | ஒத்துவரும் | தாங்கும் | விலை. சோற்றுக்கு ஆகாது |
| வார்ப்பிரும்பு | 1,700 கிராமுக்கு மேல் | நிதானம். சூடு நிலைக்கும் | ஒத்துவராது | மிக நன்று | எடை, துரு |
| குக்கர் | இரண்டு லிட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் | நன்று | வகையைப் பொறுத்தது | வேண்டாம் | தனி பர்னர், உதிரிப் பாகங்கள் |

## உங்கள் பயணத்துக்கு எது

முதன்முறையாக ஏற்காட்டிலோ ஏலகிரியிலோ முகாம் போடப் போகும் இருவர், புதிதாக எதையும் வாங்கக் கூடாது என்பேன். வீட்டிலிருக்கும் மெல்லிய அலுமினியப் பாத்திரம் ஒன்றும் அதற்குப் பொருந்தும் தட்டும் ஒரு பக்கடும் (பாத்திரம் பிடிக்கும் இடுக்கி) போதும். தக்காளிச் சோற்றை வீட்டிலேயே முடித்து எடுத்துச் சென்றால் புளிப்புப் பிரச்சினையும் இல்லை. இரண்டு இரவு சமைத்துப் பார்த்தால், நீங்கள் சோறு பொங்குகிறவரா, வெந்நீர் போடுகிறவரா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

தொடர்ந்து போவது என்று முடிவாகி, கேஸில் சமைத்து, தாமே சுமக்கிற இருவருக்கும் மூவருக்கும்: மலையேற்றத்துக்கென்று செய்த ஹார்ட் அனோடைஸ்டு பானை, இருவருக்கு ஒன்றரை லிட்டர், மூவருக்கு இரண்டு லிட்டர். ஒரே பானைக்குக் காசு இருக்கிறது என்றால் அது இதுவாகவே இருக்கட்டும்.

பைக்கில் ஊர் ஊராகச் சுற்றி, கிடைத்த இடத்தில் விறகோ கேஸோ வைத்துச் சமைப்பவர்களுக்குத் தூக்குவாளியும், கூடவே ஒரு சிறிய அலுமினிய வாணலியும். காரில் குடும்பத்தோடு போகிறவர்கள் வீட்டுக் குக்கரையும் இரும்புத் தோசைக்கல்லையும் இரட்டை பர்னர் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு போகட்டும். அவர்களுக்கு மலையேற்றப் பாத்திரம் என்ற தனிப் பொருளே தேவையில்லை. தனியாளாகக் கூடாரம் சுமந்து வாரக்கணக்கில் நடக்கிறவருக்கு 750 மில்லிலிட்டர் டைட்டானியக் குவளை போதும். அதற்கு மேல் வாங்குவது அவர் சமைக்காத சாப்பாட்டுக்கு.

உயரமும் குளிரும் உள்ள இடங்களுக்குப் போகிறவர்கள் பானையோடு குப்பியையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வெறும் பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். அப்போது எந்த உலோகமும் உதவாது. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த குப்பிதான் அங்கே எரியும்.

## கடையில் நிற்கும்போது

மூடி பானையோடு வருகிறதா என்று பாருங்கள். சில டைட்டானியப் பானைகளுக்கு மூடி தனி விலை. மடக்குப் பிடியை விரித்து, பானையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் இருப்பதாக எண்ணி ஒரு கையால் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். பிடியில் ரப்பர் உறை இருந்தால் அது சுடருக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பதையும் கவனியுங்கள். பிடியே இல்லாத பானைக்கு வீட்டிலிருக்கும் பக்கடு பொருந்தினால் அதுவே சிறந்தது, ஆனால் ஹார்ட் அனோடைஸ்டு விளிம்பில் அதன் பற்கள் கீறும் என்பதை ஏற்றுக்கொண்டு வாங்குங்கள்.

அடி அகலமாகவும் உயரம் குறைவாகவும் உள்ள பானை கேஸை மிச்சப்படுத்தும். உங்கள் பர்னரின் கால்கள் அதைத் தாங்குமா என்பதை, முடிந்தால் பர்னரைக் கடைக்கே எடுத்துச் சென்று, வைத்துப் பார்த்து முடிவுசெய்யுங்கள். குப்பி பானைக்குள் அடங்கினால் பையில் ஓரிடம் மிச்சம். காற்றுத் தடுப்புத் தகடு ஒன்றும் விற்பார்கள். எந்தப் பானையானாலும் கேஸ் செலவை வெகுவாகக் குறைக்கும் பொருள் அது. குப்பியின் தலையில் திருகும் பர்னரைச் சுற்றி அதை முழுவட்டமாக அடைத்து வைத்தால் குப்பி சூடேறி வெடிக்கக்கூடும். காற்று வரும் பக்கம் மட்டும் மறைத்து, மற்ற பக்கம் திறந்திருக்க வேண்டும். மழை வந்தாலும் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. தீ ஒரு பக்கம் இருக்க, மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.